‘நேர்ல வரணும்’ வேலைகளை முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள்

கனடாவுக்குக் குடிபோகிறோம் என்று யார் சொன்னாலும் அடுத்து வருகிற கேள்வி, "எத்தனை கிலோ எடுத்துட்டுப் போகலாம்?" என்பதுதான். ஊரில் சித்தி மகள் ஒருத்திக்கு இப்போது பி.ஆர்., அதாவது நிரந்தரக் குடியுரிமை அனுமதி வந்திருக்கிறது, அவளும் இதையேதான் கேட்டாள். கிலோ கணக்கெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், உன் பெயரில் ஊரில் என்னென்ன இருக்கிறது, அதில் எதற்கெல்லாம் நீயே நேரில் போய் நின்று கைரேகை வைக்க வேண்டும், அதை முதலில் ஒரு தாளில் எழுது என்றேன். அவளுக்கு வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நாங்கள் மதுரைக்காரர்கள், சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம், கனடா அரசு புள்ளிக் கணக்கில் ஆள் எடுக்கிற எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாகப் பி.ஆர். வாங்கி இரண்டு பிள்ளைகளோடு ஒன்டாரியோவுக்கு வந்தவர்கள். அதனால் நான் சொல்வது பெரும்பாலும் அந்த வழியில் வருகிறவர்களுக்குத்தான். துபாய்க்கோ ஜெர்மனிக்கோ போகிறவர்களுக்கும் பாதியாவது பொருந்தும்.

கனடாவில் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றி அவ்வளவு கவலைப்படாதீர்கள். வேலை பார்க்கத் தேவைப்படும் சின் எண் (சோஷியல் இன்சூரன்ஸ் நம்பர்) வாங்குவது, பேங்க் கணக்குத் தொடங்குவது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, இவையெல்லாம் வந்து இறங்கிய பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நடந்துவிடும், அதற்கு யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. படுத்தி எடுப்பது ஊரில் பாக்கி வைத்துவிட்டு வந்த வேலைகள்தான். "நேர்ல வரணும் மேடம்" என்று ஒரு கவுன்டரில் சொல்லிவிட்டால் மதுரையில் இருப்பவருக்கு அது ஒரு ஆட்டோ செலவு, டொரண்டோவில் இருப்பவருக்கு விமான டிக்கெட்டும் லீவும்.

முதலில் பெயர். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது தனி அவஸ்தை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், டிகிரி சர்டிபிகேட்டில் பின்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயர் சர்நேம் இடத்தில் உட்கார்ந்திருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய ஆதாரில் கணவர் பெயர் ஒட்டியிருக்கும். ஊரில் இருக்கும்வரை இது உறைக்காது, ஏனென்றால் நம்மூர் அதிகாரிக்கு இனிஷியல் என்றால் என்னவென்று தெரியும். வெளிநாட்டு அதிகாரியின் மேசையில் அது நான்கு தாளில் நான்கு பேர். பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரையே மூலமாக வைத்துக்கொண்டு பான், ஆதார், பேங்க், பி.எஃப். எல்லாவற்றையும் அதற்கு இழுத்துக்கொண்டு வாருங்கள். மாற்ற முடியாத பழைய சர்டிபிகேட்டுகளுக்கு, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளுடையவைதான் என்று நோட்டரி முன் ஒரு அபிடவிட் போட்டு வைத்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் விண்ணப்பம் தொடங்கும் முன்பே அதைச் சரிசெய்துவிடுவது நல்லது. அமெரிக்கா போன உறவினர் ஒருவருக்கு விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று, அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று அச்சாகி வந்தது, அதுவே அங்கே அவருடைய மற்ற அட்டைகளிலும் தொற்றிக்கொண்டது. கனடாவிலும் ஒற்றைப் பெயர் என்றால் அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிடுவார்கள், அப்புறம் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு விளக்கவுரை.

கல்யாணத்துக்கு மண்டப ரசீதும் பத்திரிகையும் போதாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் 2009 நவம்பரிலிருந்து திருமணப் பதிவு கட்டாயம் என்றாலும் பதியாமல் இருக்கிறவர்கள் இன்னும் ஏராளம். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்து, குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா, அம்மா அப்பா பெயர்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். பிறந்தவுடன் பதிவு செய்துவிட்டு, பெயர் வைத்த பிறகு அதைச் சேர்க்காமலே விட்ட சான்றிதழ்கள் நம்மூரில் நிறைய உண்டு. தமிழில் மட்டும் இருக்கிற பழைய தாள்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் சேர்த்து வைக்க வேண்டும்.

அடுத்தது வேலைக் கடிதங்கள். கனடா கேட்பது நம்மூர் எச்.ஆர். கொடுக்கிற ஒரு வரி ரிலீவிங் லெட்டர் கிடையாது. என்ன பதவி, வாரம் எத்தனை மணி நேரம், என்ன சம்பளம், என்னென்ன வேலை செய்தார் என்பதெல்லாம் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த கம்பெனி ஒன்றில், வேலை விவரம் எழுதித் தருவது எங்கள் பாலிசியில் இல்லை என்று கடைசிவரை அசையவே இல்லை. அங்கே எனக்கு மேலே இருந்தவர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கி, நோட்டரி செய்து, கூடவே சம்பள ஸ்லிப், ஃபார்ம் 16, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எல்லாவற்றையும் அடுக்கி, கம்பெனி ஏன் தரவில்லை என்று ஒரு விளக்கக் கடிதமும் வைத்துத்தான் அனுப்பினேன். வெளிநாடு போகிற எண்ணம் தூரத்தில் இருந்தாலும் சரி, ஒவ்வொரு வேலையை விடும்போதும் இந்தக் கடிதத்தைக் கையோடு வாங்கிவிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்வரைதான் நமக்கு மரியாதை.

பி.எஃப். கணக்கில் பழைய கம்பெனிகள் நீங்கள் வெளியேறிய தேதியை ஏற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள், அது இல்லாமல் பின்னால் பணம் எடுக்கப் போனால் தகராறு. எல்லா செமஸ்டர் மதிப்பெண்ணும் சேர்ந்த பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்டும் ஊரில் இருக்கும்போதே முடிக்க வேண்டிய வகைதான். நம் படிப்பு கனடாவில் எதற்குச் சமம் என்று சொல்கிற டபிள்யூ.இ.எஸ். போன்ற மதிப்பீட்டு நிறுவனங்களுக்குப் பல்கலைக்கழகமே முத்திரையிட்டு நேரடியாக அனுப்ப வேண்டும், நாம் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினால் செல்லாது. அரியர் வைத்துப் பாஸானவர்கள் எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டையும் தேடி எடுத்துவிட்டு டிரான்ஸ்கிரிப்டுக்குப் போங்கள்.

போலீஸ் சான்றிதழ் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் கிடைத்துவிடும், அது பெரிய விஷயமில்லை. ஆனால் கடந்த 10 ஆண்டுகளில் 6 மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் அதே மாதிரி ஒன்று கேட்பார்கள். என் கணவர் முன்பு வளைகுடாவில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். அங்கிருந்து கிளம்பும்போதே வாங்கியிருந்தால் அரை நாள் வேலை என்றார்கள். சென்னையிலிருந்து கைரேகை எடுத்து, சான்றொப்பம் வாங்கி, அங்கே இருக்கும் நண்பர் ஒருவரை அலையவிட்டு வாங்கினோம். இன்றைக்கு வளைகுடாவில் இருந்துகொண்டு கனடா, ஆஸ்திரேலியா என்று யோசிக்கிறவர்கள் அந்த ஊரை விடும் முன் இதைக் கவனியுங்கள்.

வந்து இறங்கிச் சமாளிக்கக் கையில் பணம் இருக்கிறது என்று விண்ணப்பத்தில் காட்டுவது பலருக்கு இடிக்கிற இடம். 2025 ஜூலையில் அறிவித்த கணக்குப்படி நான்கு பேர் உள்ள குடும்பம் 28,362 கனடா டாலர் காட்ட வேண்டும், இது ஆண்டுதோறும் மாறும். நம் சேமிப்பு எதில் இருக்கிறது? பீரோவில் நகையாக, ஊரில் மனையாக. இரண்டும் கணக்கில் வராது. வீட்டின் மதிப்பைக் காட்ட முடியாது, கடன் வாங்கியும் காட்டக் கூடாது. சேமிப்புக் கணக்கு, டெபாசிட் போல உடனே கையில் எடுக்கக்கூடிய பணமாக இருக்க வேண்டும், பேங்க் கடிதத்தில் கடந்த 6 மாத சராசரி இருப்பும் வர வேண்டும். ஆகவே மனையை விற்றோ சீட்டுப் பணத்தை எடுத்தோ காட்டப் போகிறவர்கள், விண்ணப்ப நேரத்தில் திடீரென்று ஒரு பெரிய தொகை கணக்கில் விழுந்தது மாதிரி ஆகாமல் முன்னாலேயே செய்யுங்கள், விற்ற பத்திரத்தையும் கையில் வைத்திருங்கள். மாமனார் பணம் கொடுத்தால் அன்பளிப்புக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது ஊர்ச் சொத்துக்கு வருகிறேன். நான் அதிகம் எழுத நினைத்தது இதைத்தான்.

மதுரையில் அப்பா வாங்கிப் போட்ட மனை ஒன்று என் பெயரில் இருக்கிறது. பட்டா மாற்றம் பாதியில் நின்றிருந்தது. கிளம்பும் முன் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்து, பட்டாவை என் பெயருக்கு மாற்றி, தம்பி பெயருக்குப் பவர் எழுதிப் பதிவு செய்தோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் நானும் தம்பியும் இரண்டு சாட்சிகளும் நேரில் போனோம், போட்டோ, கைரேகை, ஆதார், முடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பவர் பத்திரத்தை வைத்துக்கொண்டு அன்றைக்கும் அலைந்துகொண்டிருந்தார். வெளிநாட்டில் எழுதினால் வழி வேறு. அங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, கூரியரில் ஊருக்கு அனுப்பி, அது இந்தியாவுக்குள் வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். நடுவில் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் திரும்ப முதலிலிருந்து. இதற்காகவே லீவு போட்டு ஊருக்கு வந்து போனவர்களை எனக்குத் தெரியும்.

பவர் எழுதும்போது என்ன அதிகாரம் கொடுக்கிறோம் என்று வாசித்துப் பார்த்து எழுதுங்கள். பத்திரம் எழுதுகிறவர்கள் பழைய மாதிரி ஒன்றை எடுத்து, விற்க, அடமானம் வைக்க, தானம் கொடுக்க என்று சகல அதிகாரத்தையும் போட்டுவிடுவார்கள். வரி கட்ட, பட்டா வேலை பார்க்க, வாடகைக்கு விட, ஈ.பி. கனெக்‌ஷன் வாங்க, வழக்கு வந்தால் வக்கீல் வைக்க, இவ்வளவு போதும் என்று நான் சொன்னேன். "ஏன்கா, என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று தம்பி சிரித்துக்கொண்டேதான் கேட்டான், ஆனாலும் கேட்டான். உனக்கு நாளைக்கு யாராவது நெருக்கடி கொடுத்தால் 'என்கிட்ட விற்கிற பவர் இல்லை' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்டா என்றேன். அவனுக்கும் அது சரியாகப் பட்டது. கூடப்பிறந்தவர்களுக்குள் சொத்தைப் பிரிக்க வேண்டியிருந்தாலும், அப்பா காலமாகி வாரிசுச் சான்றிதழ் வாங்காமல் கிடந்தாலும், எல்லோரும் ஒரே ஊரில் இருக்கும்போதே முடியுங்கள். ஒருவர் கனடாவில், ஒருவர் சிங்கப்பூரில் என்று ஆன பிறகு ஒரு கையெழுத்துக்காக எல்லாம் நின்றுபோகும், வாட்ஸ்அப் குரூப்பில் மனஸ்தாபம் மட்டும் வளரும்.

இதே மாதிரி சின்னதாகத் தெரிகிற இரண்டு விஷயங்கள், நகைக்கடனும் லாக்கரும். அடகு நகையை மீட்க, அதை வைத்தவர்தான் நேரில் வர வேண்டும் என்று பேங்கில் சொல்வார்கள். வட்டியை ஆன்லைனில் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு வராதீர்கள், திருப்பிவிட்டே கிளம்புங்கள். லாக்கர் ஒற்றைப் பெயரில் இருந்தால் அம்மாவையோ அப்பாவையோ சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பேங்க் கணக்கைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், அப்படியே விட்டுவிடு யார் கேட்கப் போகிறார்கள் என்பார்கள். வெளிநாட்டில் குடியேறிய பிறகு சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பது ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டம். ஊர் வாடகை, டிவிடெண்ட் எல்லாம் அதில் வரும். அங்கே சம்பாதித்து அனுப்புவதற்கு என்.ஆர்.இ. தனி. கிளம்பும் முன் பிராஞ்சுக்குப் போய் என்னென்ன தாள் கேட்கிறார்கள் என்று விசாரித்து, கையெழுத்துப் போட வேண்டிய ஃபாரங்களைப் போட்டுக் கொடுத்துவிட்டு, மேனேஜரின் ஈமெயிலையும் வாங்கிக்கொண்டு வாருங்கள். டிமேட், மியூச்சுவல் ஃபண்டு எல்லாவற்றிலும் நாமினி இருக்கிறதா என்று அதே நாளில் பார்த்துவிடலாம்.

இவ்வளவும் செய்துவிட்டு இந்திய சிம் கார்டை விட்டுவிட்டால் எல்லாம் போச்சு. பேங்க், இன்கம் டாக்ஸ், பி.எஃப்., ஆதார் என எதைத் தொட்டாலும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். போஸ்ட்பெய்டில் இருந்தால் மலிவான பிரீபெய்டுக்கு மாறி, ரோமிங்கை ஊரிலேயே ஆன் செய்து, ரீசார்ஜ் தேதியை போன் காலண்டரில் போட்டு வையுங்கள். பல மாதம் பயன்படுத்தாமல் விட்டால் எண்ணை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள், அப்புறம் உங்கள் ஓ.டி.பி. முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும்.

பெற்றோரை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இதையெல்லாம்விடப் பெரிய பட்டியல் இருக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் பெரியவர்கள் ஊரில்தான். உணர்ச்சிவசப்படுவதற்கு நேரம் எப்போதும் இருக்கும், வேலைகளை மட்டும் சொல்கிறேன். மருத்துவக் காப்பீட்டை, போவது என்று முடிவான அன்றைக்கே எடுங்கள். சர்க்கரை, பி.பி. போல ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம், ஆகவே பி.ஆர். விண்ணப்பம் நகர்ந்துகொண்டிருக்கிற காலமே அந்தக் கணக்கில் கழியும். நோய்களை மறைத்து எடுக்காதீர்கள், ஏஜென்ட் என்ன சொன்னாலும். மாமா, அத்தை இருவருடைய பழைய ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, காப்பீட்டு அட்டை, ஆதார் நகல் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு டி.வி. மேசைக்குக் கீழே வைத்தோம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் அது இருக்கிற இடம் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலி என்றால் எந்த ஆஸ்பத்திரி, யார் கார் எடுப்பது, யார் பணம் கட்டுவது என்று பெயர் பெயராகப் பேசி வைத்தோம். கணவரும் மாமாவும் சேர்ந்த ஒரு கூட்டுக் கணக்கில், ஒரு அட்மிஷனுக்கு ஆகிற அளவு பணம் எப்போதும் கிடக்கும்.

அவர்களுக்கும் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும் என்றதும் அத்தை, "நாங்க எங்க வரப்போறோம், எங்களுக்கெதுக்கு பாஸ்போர்ட்டு" என்றார். எடுக்கப் போன பிறகுதான் வாக்காளர் அட்டையில் ஒரு பிறந்த தேதியும் ஆதாரில் வேறொன்றும் இருப்பது தெரிந்தது. நாங்கள் பக்கத்தில் இருந்ததால் திருத்த முடிந்தது, வயதானவர்களைத் தனியாக அந்த அலைச்சலுக்கு அனுப்பியிருந்தால் பாதியில் விட்டிருப்பார்கள். பின்னால் சூப்பர் விசாவில், அதாவது பெற்றோர் நீண்ட நாள் வந்து தங்குவதற்கான விசாவில் அழைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால், குறைந்தது 1,00,000 டாலருக்கான மருத்துவக் காப்பீடு கேட்பார்கள் என்பதையும் இப்போதே நினைவில் வையுங்கள். வீடியோ கால் எடுக்கவும், ஓ.டி.பி. கேட்டு வருகிற போனை வைக்கவும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள், இரண்டாவது இன்னும் முக்கியம்.

உடம்பு விஷயத்தில் என் கருத்து ஒன்றுதான், பல்லைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்டாரியோவின் அரசுக் காப்பீட்டில் டாக்டரும் ஆஸ்பத்திரியும் வரும், பெரியவர்களுக்குப் பல் வைத்தியமும் சாதாரண கண் பரிசோதனையும் கண்ணாடியும் பெரும்பாலும் வராது. ஒரு ரூட் கெனால், கேப்போடு சேர்த்து ஆயிரம் டாலரைத் தாண்டும். வேலை கிடைத்து கம்பெனி இன்சூரன்ஸ் வரும்வரை அது நம் பாக்கெட்டிலிருந்துதான். கணவருக்குக் கடைவாய்ப்பல் எப்போதாவது கூசும், அதைச் சென்னையிலேயே எடுத்துவிட்டு, நால்வருக்கும் கண் பரிசோதித்து, கண்ணாடி இரண்டு ஜோடியாகப் போட்டுக்கொண்டோம். ஒன்டாரியோவில் புதிதாக வருகிறவர்களுக்கு இருந்த மூன்று மாதக் காத்திருப்பை 2020-இல் எடுத்துவிட்டார்கள், பிரிட்டிஷ் கொலம்பியாவில் அப்படி ஒரு காலம் இன்னும் உண்டு, அங்கே இறங்குகிறவர்கள் இடைக்காலத்துக்குத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும்.

மருந்து சாப்பிடுகிறவர்கள் 90 நாளுக்கு உரியதை அதன் அட்டையோடும் பெட்டியோடும் கொண்டுவரலாம். டாக்டரிடம் ஆங்கிலத்தில் சீட்டு வாங்கும்போது கம்பெனிப் பெயரை எழுத வேண்டாம், மருந்தின் மூலப் பெயரையும் அளவையும் எழுதச் சொல்லுங்கள். நம்மூர் தைராய்டு மாத்திரையின் பிராண்ட் பெயரைச் சொன்னால் இங்கே ஃபார்மசியில் விழிப்பார்கள், லீவோதைராக்சின் 50 என்றால் எடுத்துக் கொடுப்பார்கள்.

பிள்ளைகள் இருந்தால் தடுப்பூசிப் புத்தகத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஒன்டாரியோவில் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு டிப்தீரியா, டெட்டனஸ், கக்குவான், போலியோ, தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா, மெனிஞ்சோகாக்கல் (மூளை உறைக் காய்ச்சல்), அப்புறம் 2010-இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குச் சின்னம்மை, இவ்வளவுக்கும் கணக்குக் கேட்பார்கள், இல்லாவிட்டால் பள்ளியிலிருந்து தற்காலிகமாக நிறுத்திவைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. நம் அரசுத் திட்டத்தில் போடுவது எம்.ஆர்., அதாவது தட்டம்மையும் ரூபெல்லாவும். புட்டாளம்மைக்கும் சின்னம்மைக்கும் அதில் ஊசி இல்லை. அரசு மருத்துவமனையிலும் சுகாதார நிலையத்திலும் மட்டும் ஊசி போட்ட குழந்தைகளுக்கு இந்த இரண்டும் விட்டுப்போயிருக்கும். என் பெரியவளின் அட்டையில் பாதி தமிழில், மீதி யாருக்கும் புரியாத கையெழுத்தில் இருந்தது. குழந்தை டாக்டர் அதைப் பார்த்து, ஊசியின் பெயரும் போட்ட தேதியுமாக ஆங்கிலத்தில் ஒரு தாளில் அச்சடித்து சீல் போட்டுக் கொடுத்தார், விட்டுப்போனதையும் போட்டுவிட்டார். அந்த ஒரு தாள்தான் இங்கே எல்லா இடத்திலும் ஓடியது. பள்ளியில் எந்த வகுப்பு என்பதைப் பிறந்த ஆண்டை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள், டி.சி.யை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் வாங்கி வையுங்கள், திரும்பி வர நேர்ந்தால் ஊர்ப் பள்ளி அதைத்தான் கேட்கும்.

டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறவர்கள் ஆர்.டி.ஓ. ஆபீசில் எக்ஸ்ட்ராக்ட், அதாவது லைசென்ஸ் விவரம் எழுதிய சான்றுத் தாள் வாங்காமல் கிளம்பாதீர்கள். ஒன்டாரியோவில் முதல் 60 நாள் நம் லைசென்ஸில் ஓட்டலாம், பிறகு ஜி1 எழுத்துத் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். அனுபவம் இல்லாதவர் அதன் பிறகு மாதக் கணக்கில் காத்திருந்து படிப்படியாகப் போக வேண்டும். இரண்டு ஆண்டுக்கு மேல் ஓட்டிய அனுபவத்தை லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தின் கடிதத்தோடு காட்டினால் நேராக முழு லைசென்ஸ் தேர்வுக்கே போகலாம். முதன்முதலில் லைசென்ஸ் வழங்கிய தேதி அதில் இருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகரும் முன் பாருங்கள், புதுப்பித்த தேதி மட்டும் இருந்தால் பிரயோஜனமில்லை.

நகை கொண்டுவருகிறவர்கள் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, தெரிந்த நகைக்கடையில் எடையும் மதிப்பும் எழுதி வாங்குங்கள். பி.ஆர். ஆக முதல் முறை இறங்கும்போது கையில் கொண்டுவருவதற்கு ஒரு பட்டியல், பின்னால் வரப்போவதற்கு ஒரு பட்டியல் என்று இரண்டு கொடுக்கலாம். ஊரில் லாக்கரில் விட்டுவிட்டு வருகிற நகையையும் இந்த இரண்டாவது பட்டியலில் எழுதி கஸ்டம்ஸில் முத்திரை வாங்கினால், அடுத்த முறை ஊருக்குப் போய்க் கொண்டுவரும்போது வரி இல்லை. முதல் நாள் எழுதாததைப் பிறகு சேர்க்க முடியாது. தாலிக்கொடியிலிருந்து பிள்ளையின் வெள்ளி அரைஞாண் வரை எழுதினேன், அந்த அதிகாரி பொறுமையாகப் பக்கம் பக்கமாகச் சீல் குத்தினார். இந்தியாவிலிருந்து கிளம்பும்போது அதே நகைகளுக்கு விமான நிலைய கஸ்டம்ஸில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால், திரும்பக் கொண்டுவரும்போது வாக்குவாதம் இருக்காது. கையில் 10,000 டாலரோ அதற்கு மேலோ கொண்டுவந்தால் கனடாவில் சொல்லியாக வேண்டும். கொண்டுவருவது குற்றமில்லை, சொல்லாததுதான் குற்றம்.

வந்து இறங்கும் மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஏப்ரல், மே நல்லது. குளிருக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. டிசம்பரில் ஆள் எடுக்கிற வேலை மந்தமாக இருக்கும், கையில் இருக்கிற பணம் வீட்டு வாடகையில் கரையும். வீட்டை ஊரிலிருந்தே பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள், நேரில் பார்க்காமல் பணம் கேட்கிற விளம்பரங்களில் மோசடி அதிகம். முதல் மாதத்துக்குத் தெரிந்தவர் வீடோ பேஸ்மென்டோ போதும். ஒன்டாரியோ சட்டப்படி டெபாசிட் என்று கேட்கக்கூடியது கடைசி மாத வாடகை ஒன்றுதான், முதல் மாத வாடகையோடு அதைக் கொடுப்பீர்கள். வேலை இல்லை, கிரெடிட் ஹிஸ்டரி இல்லை என்று ஆறு மாத வாடகையைக் கேட்பவர்களும் உண்டு, அதனால் பேங்க் ஸ்டேட்மென்டும் பழைய வேலைக் கடிதங்களும் கையில் இருந்தால் பேசிப் பார்க்க வசதி.

நர்ஸ், ஆசிரியர், என்ஜினியர் என்று லைசென்ஸ் வேண்டிய தொழிலில் இருக்கிறவர்கள் ஊரிலிருந்தே அந்த வேலையைத் தொடங்குங்கள். உங்கள் கல்லூரியும் கவுன்சிலும் நேரடியாக அனுப்ப வேண்டிய தாள்கள் இருக்கும், அங்கே போய்த் துரத்த ஆள் வேண்டும். வேலை ஆஃபரே வாங்கித் தருகிறேன், இத்தனை லட்சம் கொடு என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கன்சல்டன்ட் வைத்தால் உரிமம் பெற்றவரா என்று கனடாவின் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வக்கீல்கள், உரிமம் உள்ள ஆலோசகர்கள் போல அங்கீகாரம் பெற்றவர்களைத் தவிர வேறு யாரும் இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது.

கடைசியாக அந்தக் கிலோ கணக்கு. வட அமெரிக்கா போகிற டிக்கெட்டுகளில் ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி என்பது வழக்கம், உங்கள் டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்கள் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. ஸ்கேன் செய்த நகல்கள் ஈமெயிலில் ஒன்று, தம்பியிடம் ஒன்று. அரிசி, பருப்பு, இட்லி அரிசி, நல்லெண்ணெய், முறுக்கு, அப்பளம் எல்லாம் டொரண்டோவில், முக்கியமாக ஸ்கார்பரோ பக்கத்துத் தமிழ்க் கடைகளில் கிடைக்கும், அதற்காகக் கிலோவை வீணாக்காதீர்கள். சாம்பார்ப் பொடி, வீட்டு ஊறுகாய் கொண்டுவந்தால் உணவு இருக்கிறது என்று ஃபாரத்தில் சொல்லிவிடுங்கள். கனமான குளிர் கோட்டை சென்னையில் வாங்க வேண்டாம், இங்கே பழைய துணிக் கடையில்கூட நல்லதாகக் கிடைக்கும். மிக்ஸி, கிரைண்டர் எடுத்துவர ஆசைப்பட்டால் இங்கே கரன்ட் 120 வோல்ட், நம்மூரது 230, அப்படியே சொருகினால் சட்னி அரையாது. இங்கே ஓடுகிற மாதிரி, '110 வோல்ட்' என்று போட்டு விற்கிற மிக்ஸி சென்னையில் கேட்டால் கிடைக்கும், பில்லோடு வாங்கி, ஜாருக்குள் பிள்ளைகளின் சாக்ஸைத் திணித்துக் கட்டுங்கள். குக்கர் கட்டாயம் எடுத்து வாருங்கள். அதற்கு காஸ்கெட் மூன்று, வெயிட் ஒன்று, சேஃப்டி வால்வு இரண்டு தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், அந்த மாடலுக்கு உள்ளது இங்கே எளிதில் கிடைக்காது.